பல கைகள் தொடும் திரை

கைபேசித் திரையைச் சோதிக்கத் தெரிந்தவருக்கு மேசை அளவுத் தொடுதிரையையும் சோதிக்கத் தெரியும் என்று சொல்லிவிட முடியாது. கைபேசியில் விரல் சரியான பொத்தானில் விழுந்ததா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். நாலு பேர் சுற்றி நிற்கும் மேசையில் அது சின்னக் கேள்வி. யார் எதை யார் முன்னாலிருந்து இழுத்தார், இழுக்குமுன் முகம் பார்த்தாரா, எதிரில் நிற்பவருக்குத் தலைகீழாகத் தெரியும் படத்தை யார் திருப்பிக் கொடுத்தார் என்பவைதான் கவனிக்க வேண்டியவை. கைக்கும் கைக்கும் நடுவே நடப்பதைப் பார்க்கும் கலை இது.

இத்துறையில் நான் மிகவும் ரசிக்கும் ஆய்வின் அடிப்படை சாதாரண மேசைதான். கனடாவில் ஸ்டேசி ஸ்காட்டும் கூட்டாளிகளும் 2004இல் வெளியிட்டது. மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடுகிறவர்களையும், ஓர் அறையின் அமைப்பைச் சேர்ந்து திட்டமிடுகிறவர்களையும் பொறுமையாகக் கவனித்தார்கள். யாரும் எல்லை வகுக்கவில்லை. ஆனாலும் அவரவர் முன்னால் சொந்த இடம், நடுவில் பொது இடம், பொருள்களை ஒதுக்கிவைக்க ஓர் இடம் என்று மேசை தானே பிரிந்துகொண்டது. கேரம் பலகையில் அச்சடித்திருக்கும் கோடு இங்கே அச்சில்லாமலே விழுகிறது. பொது மெனுவை ஒரு மூலையில் வைத்தால் அது மூலைக்காரரின் சொத்தாகிவிடும் என்பதைக் கண்டுபிடிக்க நிரல் எழுத வேண்டாம். காகிதத் துண்டுகளைப் பரப்பி மூன்று பேரை உட்காரவைத்தால் போதும்.

காகிதம் பெரிதாகாதே என்பார்கள். நியாயமான ஆட்சேபம். ஹெல்சின்கியின் மையப்பகுதியில் 2007இல் வைத்த சிட்டிவால் என்ற பொதுத் தொடுதிரையை எட்டு நாட்களில் 1,199 பேர் தொட்டார்கள். ஆய்வாளர்கள் காணொளிப் பதிவுகளை உட்கார்ந்து அலசினார்கள். ஒருவர் விரித்த படம் பக்கத்திலிருப்பவரின் இடத்தை மூடியது, சச்சரவு எழுந்தது. அதை எந்தக் காகிதமும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்குத் தனியே வந்த ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார். யார் தொட்டது என்று கருவியே கண்டுபிடித்தால் சச்சரவு தீராதா? மிட்சுபிஷி ஆய்வகத்தின் டயமண்ட்டச் மேசை 2001லேயே, மேசையிலிருந்து தொடுபவரின் உடல் வழியாக நாற்காலிக்குப் பாயும் மெல்லிய மின்சமிக்ஞையால் அதைக் கண்டுபிடித்தது. அருமையான பொறியியல்தான். தொட்டவர் யார் என்று அது சொல்லும். தொட்டிருக்கலாமா என்பதை மேசையைச் சுற்றி நிற்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஒவ்வொருவராக உள்ளே அழைத்துச் சோதித்த அறிக்கையோடு யாராவது பொதுத் திரை ஒன்றைக் கொண்டுவந்தால், அதை இன்னும் சோதிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.