லிஸ்ட்டில் இருந்த சத்தம்

போன வாரம் ஓர் இளைஞர் லேப்டாப்புடன் வந்தார். 'குறும்படத்துக்கு மியூசிக் போட்டிருக்கேன். ஒரு நிமிஷம் கேளுங்க சார்.' கேட்டேன். ஆயிரங்கால் மண்டபத்தில் நாற்பது பேர் வயலின் வாசிப்பது போல பிரமாண்டமாக இருந்தது. 'இந்த சத்தத்தை எப்படிப்பா பண்ணினே?' 'பண்ணலை சார், லிஸ்ட்ல இருந்தது' என்றார். நேர்மையான பையன்.

சாஃப்ட்வேர் சின்தசைசர் இசை பற்றி எனக்குள்ள முக்கியமான புகார் இதுதான். ப்ரீசெட் என்று ஆயிரக்கணக்கில் ரெடிமேட் ஓசைகள். தேர்ந்தெடுத்தால் போதும், செய்ய வேண்டாம்.

செய்வது ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. ஆஸிலேட்டர் ஒரு முரட்டு அலையைத் தரும். ஃபில்டர் அதன் கூர்மையைச் சீவும். அப்புறம் என்வலப். வீணையை மீட்டினால் சத்தம் சட்டென்று எழுந்து மெல்லத் தேய்கிறது. நாகஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை நிற்கிறது. இந்த எழுச்சி, இறக்கம், நிலைப்பு, ஓய்வு நான்குக்கும் நான்கு திருகுகள். 1948ல் பாரிஸில் பியர் ஷேஃபர், மணியோசையைப் பதிவு செய்து, அடி விழும் முதல் கணத்தை மட்டும் நீக்கிப் பார்த்தார். மிச்சம் மணி மாதிரி இல்லை, குழலூதுவது மாதிரி இருந்தது! ஒரு வாத்தியத்தின் ஜாதகம் அந்த முதல் கணத்தில் இருக்கிறது. நம் இளைஞர் அந்தத் திருகைத் தொடவே இல்லை.

இந்தச் சோம்பல் புதுசல்ல. 1983ல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்க 32 வழிகள். ஆனால், எல்லாவற்றையும் ஒரு குட்டித் திரையைப் பார்த்து பட்டன் பட்டனாக அழுத்தி மாற்ற வேண்டும். யாருக்குப் பொறுமை? ரிப்பேருக்கு வந்த பத்தில் ஒன்பதில் கம்பெனி கொடுத்த ஓசைகள் அப்படியே இருந்தனவாம். அதனால்தான் எண்பதுகளின் ஆங்கிலக் காதல் பாட்டுகளில் பாதி ஒரே எலெக்ட்ரிக் பியானோவில் உருகின. ப்ரையன் ஈனோ போன்ற சிலர்தான் உட்கார்ந்து குடைந்து சொந்தமாக ஓசை செய்தார்கள்.

டிஎக்ஸ்7காரர்களுக்கு அந்தச் சாக்காவது இருந்தது. இன்றைக்கு சீரம், வைட்டல் போன்றவற்றில் அலையே திரையில் நெளிகிறது. வைட்டலின் ஒரு வடிவம் இலவசம் வேறு.

இன்னொரு சூட்சுமம். ப்ரீசெட் ஓசை, தனியாகக் கேட்கும்போது மயக்க வேண்டும் என்று செய்யப்படுவது. எனவே ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாம் தாராளமாகத் தடவியிருப்பார்கள், ஜவுளிக்கடை விளக்கு வெளிச்சம் மாதிரி. அப்படி நான்கை ஒரே பாட்டில் சேர்த்தால் சேறு. பாடகி பாவம், அதற்குள்ளிருந்து கூப்பிடுகிறார். நமக்கு வார்த்தை புரியாததற்கு எப்போதும் உச்சரிப்பே காரணமில்லை.

'ரிவெர்ப்பை அணை' என்றேன். அணைத்தார். நாற்பது வயலினும் ஒரு கொசுவாகிவிட்டன. இளைஞர் முகம் வாடிவிட்டது. ஃபில்டரைப் பாதி மூடி, எழுச்சியைக் கொஞ்சம் தாமதப்படுத்தச் சொன்னேன். ஒரு மணி நேரம் திருகினார். காபி ஆறிப்போனது. கடைசியில் வந்தது, யாரோ பக்கத்து அறையில் முனகுவது போல ஒரு சின்ன ஓசை.

'சுமாராத்தான் இருக்கு, இல்ல சார்?' என்றார்.

'அந்த சீன்ல என்ன நடக்குது?'

'பாட்டி தனியா சாப்பிடறாங்க.'

மறுபடி போடச் சொன்னேன்.