பழைய தாளில் பெரியாற்று நீர்

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்குப் பின்னால் 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை நிற்கிறது. அதைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு இங்கே பொங்கலிட்டு நன்றி சொல்கிறார்கள். அவர் வாழ்வின் இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது: 1893-இல் வெள்ளத்தில் மூழ்கிய பிரிஸ்பேனுக்கு, 1899-இல் வெள்ளத்தடுப்பு யோசனை சொன்னவரும் அவரே. அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் அக்கால நாளிதழ்களைக் கட்டணமின்றித் தேடிப் படிக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கின் கூடலூரில் உட்கார்ந்தபடி பிரிஸ்பேனின் ஒரு காலைப்பொழுதை விரித்துப் பார்ப்பது பெரிய வரம்.

அந்த நாளிதழ்கள் ஆள்வோரின் ஏடுகள், அணை கட்டும்போது மலையில் மடிந்த தொழிலாளரின் பெயரைச் சொல்லாதவை என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். பழைய பக்கங்களின் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளும் பெயர்களைச் சிதைக்கும். ஆயினும் அன்றைக்கே அச்சான செய்தி, பின்னாளில் வளர்ந்த கதையை உரசிப் பார்க்கும் கல். யாரை விட்டுவிட்டது என்பதும் அதைப் படித்தால்தான் தெரியும். அந்த இடத்தை ஊர் நினைவு நிரப்பட்டும்.