குடத்தை இறக்கி வைக்க ஒரு திட்டு

விருத்தாசலம் பீங்கான் பொம்மை பெண்ணாடத்துக்காரர்களுக்குப் புதுசில்லை. அச்சு செய்பவர் ஒருவர், அதில் மண்குழம்பை ஊற்றுபவர் ஒருவர், சூளையில் அடுக்குபவர் இன்னொருவர், வண்ணம் தீட்டுவது வேறொரு கை. இதை யாரும் 'கூட்டுப் படைப்பு' என்பதில்லை; கூலி வேலை என்கிறோம். நகரத்து ஓவியர் ஒருவர் கிராமத்துக்குப் போய்விட்டால் மட்டும் அந்தச் சொல்லைக் கலை விமர்சனம் தாராளமாக எடுத்துக் கொடுத்துவிடுகிறது. படைப்பாளி செத்துவிட்டான் என்று ரோலான் பார்த் 1967இல் அறிவித்தார். கண்காட்சிச் சுவரில் பெயர்ச்சீட்டு சாகவில்லை.

இந்தச் சந்தேகத்தோடுதான் நவ்ஜோத் அல்தாஃபின் பஸ்தர் வேலையை அணுக வேண்டியிருக்கிறது. பம்பாயில் இயங்கிய இடதுசாரி ஓவியர் அவர். 1997 வாக்கில் கொண்டகாவுக்குப் போய் (அன்று மத்தியப் பிரதேசம், 2000இலிருந்து சத்தீஸ்கர்) ஜெய்தேவ் பகேல், ராஜ்குமார், சாந்திபாய் போன்றவர்களோடு வேலை செய்யத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்ததுதான் 'நல்பார்': ஊர் அடிபம்பைச் சுற்றி எழுப்பிய கட்டுமானங்கள். சேறும் சகதியுமாகக் கிடந்த இடத்துக்குத் தளம், தண்ணீர் வழிந்தோட வழி, ஆதிவாசி உருவங்கள் கொண்ட சுவர். முக்கியமானது குடத்தை இடையில் நிறுத்தி வைக்க ஒரு திட்டு. நம்ம பக்கம் குடம் இடுப்பில், அங்கே தலையில். தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்குத் தூக்கினால் கழுத்தும் முதுகும் என்னாகும்? திட்டு இருந்தால் இரண்டு தவணையில் ஏற்றலாம். இங்கே சிற்பத்தின் உயரத்தைத் தீர்மானித்தது தண்ணீர் சுமக்கும் பெண்ணின் உடம்பு. அழகியல் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது.

கிராண்ட் கெஸ்டர் 2011இல் வந்த தன் நூலில் இதை உரையாடல் கலைக்கு உதாரணமாக எடுத்துப் பேசுகிறார். சரிதான். ஆனால் 'உரையாடல்' என்றதுமே இரு தரப்பும் சமமாகிவிடுவதாக ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. நிதி, அரங்கு, ஆங்கிலக் கட்டுரை எல்லாம் எந்தத் தரப்பு வழியாக வருகின்றன? நவ்ஜோத் கூட்டாளிகளின் பெயர்களைத் தன் பெயரோடு சேர்த்தே போடுகிறவர். அந்த நேர்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அப்படியும் பெயர்கள் ஒரே எடையில் நிற்பதில்லை. ஜெய்தேவ் பகேல், நவ்ஜோத் வருவதற்கு முன்பே தேசிய விருது வாங்கிய உலோக வார்ப்புக்காரர். அவருடைய பட்டறையில்தான் எல்லாம் தொடங்கின. விருதுப் பட்டியலில் அவர் 'கைவினைஞர்'. அரங்கப் பட்டியலில் நவ்ஜோத் 'கலைஞர்'.