பெயர்ப் பட்டியல் காக்கும் வாயில்

1995ஆம் ஆண்டில் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பிலே யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திரட்டியதைக் கண்டு, அங்கிருந்த ஆராய்ச்சியாளர் தாத்து யூலோனென் இயற்றிய எஸ்.எஸ்.எச். என்னும் நெறிமுறையே, தூரத்திலுள்ள லினக்ஸ் சேவையகத்துள் நாம் பிரவேசிக்கும் பிரதான வாயிலாக இன்றும் இருக்கிறது. வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுத்த அந்நெறிமுறை, வாயிலுள் யாரை விடுவது என்னும் கேள்வியை நிர்வாகியிடமே விட்டுவிட்டது. அவர் பெரும்பாலும் நாடும் உபாயம், அமைப்புக் கோப்பில் ‘அலவ்யூசர்ஸ்’ என்று எழுதி, அனுமதி பெற்றோரின் பெயர்களை அதன் பக்கத்தில் நிரைப்பதாகும்.

இவ்வுபாயத்தின் சிறப்பு அதன் கண்டிப்பிலே இருக்கிறது. என்றோ பரீட்சார்த்தமாகத் திறந்து மறந்துபோன கணக்கொன்றின் கடவுச்சொல்லை அந்நியர் சரியாகவே ஊகித்தாலும், பட்டியலில் அப்பெயர் இல்லையேல் பிரவேசமில்லை. அதற்கான காரணமும் நிர்வாகியின் பதிவேட்டில் எழுதப்படுமேயன்றி, வந்தவருக்குச் சொல்லப்படுவதில்லை. வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல்லை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியடைவோர் பலர். அவருடைய சாவிக்கோப்பு பல அமைப்புகளில் அப்போதும் செல்லுபடியாகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. பட்டியலிலிருந்து நீக்கினாலோ இரண்டு வழியும் ஒருங்கே அடைபடும். ஆயினும் முன்னரே உள்ளே இருப்பவரை அந்நீக்கம் வெளியேற்றாது. அவர் நேரங்குறித்து ஏவிவைத்த பணிகளும் ஓடிக்கொண்டே இருக்கும்.

குழப்பம் மிகுவது ‘அலவ்குரூப்ஸ்’ என்னும் குழுப் பட்டியலும் உடன்சேரும்போதுதான். இரண்டில் ஒன்று போதுமென்றே பலரும் கருதுகின்றனர். பளை வாசிகளுக்கு இதை விளக்குவது எளிது: 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டது முதல் 2006 ஒகஸ்டில் மூடப்பட்டது வரை, முகமாலையில் போரிட்ட இரு தரப்பாரும் தத்தம் சோதனைச்சாவடிகளை வைத்திருந்தபோது, ஒரு சாவடியின் அனுமதி மற்றதில் செல்லாது, யாழ்ப்பாணம் போகிறவர் இரண்டையும் கடந்தாக வேண்டும். இங்கும் நியதி அதுவே. தனிப்பெயர்களை விட்டுக் குழுவொன்றை மட்டும் நம்புவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். ஆட்கள் மாறுந்தோறும் கோப்பைத் திருத்தும் தொல்லை அதனால் ஒழிகிறது.

பெயரோடு இணைய முகவரியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் வசதி ஒன்றுண்டு. நிலையான முகவரியுள்ள அலுவலகத்துக்கு அது உத்தமம். கைத்தொலைபேசி இணையத்தை நம்பி வேலைசெய்யும் கிராமத்து இளைஞருக்கோ, முகவரி அடிக்கடி மாறுவதால் உபத்திரவம்.

வாயிற்காவலே வஞ்சிக்கப்பட்டால் பட்டியல் என்ன செய்யும்? 2024 மார்ச்சில், எஸ்.எஸ்.எச். பிரவேசம் அரை விநாடி தாமதிப்பதை ஐயுற்று ஆராய்ந்த ஆந்த்ரெஸ் பிராயிண்ட், எக்ஸ்.இசட். என்னும் சுருக்க நிரலில் ஒளித்துவைக்கப்பட்ட கள்ளவழியைக் கண்டுபிடித்தார். அதை ஒளித்தவருக்குப் பட்டியலில் இடம் தேவைப்பட்டிருக்கவே மாட்டாது.

பளையிலிருந்து சிங்கப்பூரிலுள்ள சேவையகத்தின் பட்டியலைத் திருத்துபவர், திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், வேறொரு சாளரத்தில் புதிதாகப் பிரவேசித்துப் பார்த்துக்கொள்வது அவசியம். கோப்பைப் பரிசோதிக்கும் கட்டளை உண்டெனினும், அது இலக்கணப் பிழையைக் காட்டுமேயன்றி, பட்டியலில் அவர் பெயரே விடுபட்டிருப்பதைச் சொல்லாது.