சுவர்ப்படத்தில் இருக்கும் காலை யாருடையது?

ஒன்றாம் வகுப்புச் சுவர்களில் இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆறு கட்டம். பையன் கட்டிலில் சோம்பல் முறிக்கிறான், பல் தேய்க்கிறான், குளிக்கிறான், மேசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறான், அம்மாவுக்கு டாட்டா காட்டுகிறான், வேனில் ஏறுகிறான். மேலே 'எனது ஒரு நாள்' என்று எழுதியிருக்கும்.

கடலூர் முதுநகர் பக்கம் ஒரு வகுப்பில், சில வருஷங்களுக்கு முன்னால், இந்தப் படத்தை வைத்துப் பாடம் நடந்தபோது பின்னால் உட்கார்ந்திருந்தேன். "காலையில எழுந்ததும் என்ன பண்ணுவ?" என்று டீச்சர் கேட்டார். ஒரு சின்னப் பெண், "அம்மா மீன் எடுக்கப் போயிடும். நான் தம்பிய பாத்துக்குவேன்" என்றாள். "அது சரிடா, முதல்ல பல்லு தேய்ப்ப இல்ல?" குழந்தை படத்தைப் பார்த்தாள். பிறகு ஆறு கட்டத்தையும் வரிசையாக ஒப்பித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

டீச்சர் மேல் குறை இல்லை, அன்பானவர்தான். என் குறை படத்தின் மேல். அன்றைக்கு அந்தக் குழந்தை கற்றுக்கொண்டது பல் தேய்ப்பதையா? இல்லை, தன் வீட்டுக் காலையைப் பள்ளியில் சொல்லக் கூடாது என்பதை. எனக்கு அப்படித்தான் பட்டது.

இதில் வேடிக்கை என்னன்னா, இந்தப் படத்தை அரசே மறுத்துவிட்டது. பல குழந்தைகள் சாப்பிடாமல்தான் பள்ளிக்கு வருகிறார்கள் என்று ஒப்புக்கொண்டுதானே 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள்? 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அது மாநிலம் முழுக்க விரிந்தது. தட்டில் உப்புமா, கிச்சடி, பொங்கல் வருகிறது. சுவரில் இருக்கும் பையன் மட்டும் இன்னும் வீட்டு மேசையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஒரே கட்டடத்தில் இரண்டு காலைகள்.

சிதம்பரம் பக்கம் வந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தேர் வீதிகளை ஒட்டி வளரும் பிள்ளைக்கு நடராஜர் கோயிலின் ஆறு கால பூஜைதான் கடிகாரம். பிச்சாவரம் வாய்க்கால்களில் கையால் இறால் பிடிக்கும் இருளர் வீடுகளில், தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும்தான் வேலை நேரத்தை முடிவு செய்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. ஆனால் இந்த இரண்டு காலையும் அந்த ஆறு கட்டத்துக்குள் அடங்காது.

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். முன், பின், அடுத்து என்ற வரிசை உணர்வு கணக்குக்கும் மொழிக்கும் அடிப்படை. சுத்தமும் அவசியம். 'அப்போ அஞ்சு வயசுப் பிள்ளை தம்பியைச் சுமப்பதை சரின்னு சொல்றீங்களா?' என்று கேட்கலாம். இல்லை. ஆனால் சொல்லவிட்டால்தானே அது டீச்சருக்கே தெரியவரும்? காதில் வாங்குவது வேறு, சரி என்று ஒத்துக்கொள்வது வேறு.

இன்னொரு குழப்பமும் இருக்கு. பழக்கத்தைக் கற்பிப்பது ஒன்று, பழக்கத்தைப் பற்றிய வாக்கியங்களைக் கற்பிப்பது இன்னொன்று. 1907ல் ரோமில் மரியா மாண்டிசோரி தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கானது. அங்கே தினசரி வேலைகளுக்குப் படம் காட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது, துடைப்பது எல்லாம் கைக்கே வந்த பாடம். அதே அம்மையார் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். நமக்குப் புதுசு இல்லை.

நம்மிடமே ஒரு கால அட்டவணை உண்டு. பாரதி புதுச்சேரியில் இருந்த காலத்தில் எழுதிய பாப்பாப் பாட்டு. (அங்கிருந்து கிளம்பிய 1918ல்தான் கைதாகி, கடலூர் சிறையில் இருந்தார்.) அதில் படிப்பு, பாட்டு, மாலை முழுவதும் விளையாட்டு. கட்டிலும் இல்லை, வேனும் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளையும் அதற்குள் நுழையலாம். நம்ம ஆறு கட்டத்தில் விளையாட்டே இல்லை என்பதையும் கவனியுங்க.

அப்போ என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஆளுக்கு மூன்று வெற்று அட்டை கொடுத்து, இன்று காலை நடந்த மூன்றை வரையச் சொல்லலாம். வரிசைப்படுத்தட்டும், பக்கத்துப் பிள்ளையின் வரிசையோடு ஒப்பிடட்டும். முன், பின் தானாக வரும். பொதுவான பழக்கத்துக்குக் காலை உணவு நேரமே போதும். கை கழுவுவது, வரிசையில் உட்காருவது, தட்டைக் கழுவி வைப்பது. எல்லாரும் ஒன்றாகத் தினமும் செய்கிற விஷயம், யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணின் முதல் அட்டையில் ஒரு தம்பி இருப்பான். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு "தம்பிக்கு எத்தனை வயசு?" என்று கேட்டால் போதும். பாடம் அங்கிருந்து தொடங்கிவிடும்.