மூன்றாவது பிரதி

புதுச்சேரி ரெயின்போ நகரில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு தேக்குப் பலகை அடித்திருக்கிறது. அவருடைய தாத்தா காலத்தில் அதில் வால்வு ரேடியோ இருந்ததாம். இப்போது அங்கே ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட பழைய திங்க்பேட் மடிக்கணினி ஒன்று மூடியபடி இருக்கிறது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க். சத்தம் கிடையாது, ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. அந்த வீட்டின் சர்வர் அதுதான்.

நல்ல வீணையைப் பார்த்ததும் மெட்டுகளின் ஒழுங்கில் கண் போகும் அல்லவா, எனக்கு அங்கே முதலில் கண் போனது வயர்களில். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் ஒட்டி, எங்கிருந்து எங்கே போகிறது என்று பேனாவால் தமிழில் எழுதியிருந்தார். தான் ஊரில் இல்லாத நாளில் மனைவியோ மகளோ தொட வேண்டியிருந்தால் தடுமாறக் கூடாதே என்பதற்காக. அதைப் பார்த்ததுமே இந்த ஆள் கலைஞர் என்று தெரிந்துவிட்டது.

மடிக்கணினியைத் தேர்ந்ததிலேயே ஊர் தெரிந்த புத்தி இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்தக் கண்ணிமைப்பில் மேசைக் கணினி அணைந்து எழும். மடிக்கணினிக்கு அதன் பேட்டரியே யு.பி.எஸ். எப்போதும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பிவிடக்கூடும் என்பதால் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி கட்டி வைத்திருக்கிறார். சும்மா இருக்கும்போது 10 வாட் எடுக்கிறது. இரவும் பகலும் ஓடினாலும் மாதம் ஏழு யூனிட்டைச் சுற்றித்தான். புதுச்சேரியில் இன்னொரு எதிரி கடற்காற்று. ஆண்டுதோறும் பொங்கல் கழிந்ததும் பெட்டியைத் திறந்து, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, ரேம் பட்டையின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பார். வாத்தியத்துக்குத் தந்தி மாற்றுகிறவரின் முகம் அப்போது அவருக்கு.

உள்ளே ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் அறிவித்த திட்டம் அது. தன் பெயரையும் அப்போதைய காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து அவர் வைத்த பெயர். இந்தத் தேதி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பிரான்ஸ் புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்ததும் ஓர் ஆகஸ்ட் 16தான், 1962இல். டெபியனின் ஒவ்வொரு நிலைப் பதிப்புக்கும் ‘டாய் ஸ்டோரி’ படங்களில் வரும் பாத்திரங்களின் பெயர். 2023இல் வந்தது புக்வோர்ம், புத்தகப் புழு. பளபளப்புக்கு அவசரப்படாத மென்பொருள் இது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு. இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இரவில் தாமாக வந்து அமர்ந்துகொள்ளும். வீட்டு சர்வருக்கு இந்த நிதானத்தைவிடப் பெரிய அழகு இல்லை என்பது என் கட்சி.

நண்பர் இதைத் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லை. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கான மினிடெப்கான்ஃப் என்ற டெபியன் மாநாடு விழுப்புரத்தில்தான் கூடியது. பெருநகரத்துக்குப் போகாமலே இந்த வித்தை கைவரும் என்பதற்கு இந்தப் பகுதி சாட்சி.

அந்தப் பெட்டியில் அவர் வைத்திருக்கும் செயலிகள் மிகக் குறைவு. முப்பது நாற்பது நிறுவி, வண்ண வண்ண வரைபடங்களைத் திரையில் ஓடவிட்டு மகிழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆரம்பகால ஆசை. முதிர்ந்த கை கழித்துக்கொண்டே வரும். மின்னஞ்சலை அவர் வீட்டில் வைக்கவே இல்லை, அது சரியான முடிவு. வீட்டு இணைய முகவரியிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய சேவைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. வெளியூரிலிருந்து வீட்டுப் பெட்டியைத் தொட வயர்கார்ட். 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட்ட சின்னஞ்சிறு சுரங்கப்பாதை அது. சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது.

நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்தது பேப்பர்லெஸ் என்ற ஆவணப் பெட்டகத்தின் முன்னால். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். புதுச்சேரியில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். எத்தா சிவில் என்ற குடிமைப் பதிவேட்டின் பிறப்புப் பதிவு, நொத்தேர் என்ற நோட்டரி எழுதிய சொத்துப் பத்திரம், பென்ஷன் கடிதம், பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உள்ளே போட்டிருக்கிறார். எழுத்துகளைப் படித்தறியும் டெசராக்ட், தமிழையும் பிரெஞ்சையும் ஒரே தாளில் தேடிப் படிக்கிறது. தட்டச்சு என்றால் நன்றாகவே வரும். கையெழுத்து அதற்கு வராது. அந்த இடங்களில் அவரே உட்கார்ந்து ஒரு வரிச் சுருக்கம் எழுதியிருக்கிறார். தெருப் பெயரை அடித்தால் அறுபது ஆண்டு முந்தைய பத்திரம் திரையில் வந்து நிற்கிறது. குடும்பத்தின் அந்தரங்கக் காகிதம் எதுவும் அதற்காக வீட்டு வாசலைத் தாண்டிப் போகவில்லை.

புகைப்படங்களுக்கு இம்மிச் என்ற செயலி. முகம் பார்த்து ஆளைப் பிரிக்கும் வேலையையும் அந்தப் பழைய மடிக்கணினியே இரவில் மெல்ல மெல்லச் செய்து முடிக்கிறது. அவருடைய அம்மாவையும் சின்னம்மாவையும் அது ஒருவரென்றே சேர்த்து வைத்திருந்தது. பாரிஸ் பக்கத்தில் வாழும் சின்னம்மா ஊருக்கு வந்தபோது, “இது அக்கா, இது நான்” என்று சொல்லிச் சொல்லி, ஒரு மதியம் முழுக்க இருவரையும் பிரித்துக் கொடுத்தாராம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. ரெயின்போ நகரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரம் இல்லை. நண்பர் நிதானமாக சர்வரை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனார். தண்ணீர் பலகையைத் தொடவில்லை. ஆனால் கரண்ட் வந்து மறுபடி பொருத்தியபோது அந்த டிஸ்க் எழவில்லை. அந்த நேரத்தில் அவர் குரலில் பதற்றம் இருந்ததா என்று அவருடைய மகளைக் கேட்டேன். “அப்பா டீ போடச் சொன்னாங்க” என்றாள்.

பதறாததற்குக் காரணம் போர்க் என்ற பேக்கப் மென்பொருள். அது கோப்புகளைத் துண்டுகளாக நறுக்கி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி அனுப்பாமல், புதிய துண்டுகளை மட்டும் பூட்டி அனுப்பும். பூட்டு வீட்டிலேயே போடப்படுவதால் வழியில் யாரும் படிக்க முடியாது. சாவிச்சொல் காகிதத்தில் எழுதப்பட்டு நகைப்பெட்டியில் இருக்கிறது. முதல் பிரதி மடிக்கணினிக்குள், இரண்டாவது அந்த டிஸ்க்கில், மூன்றாவது பாரிஸ் பக்கத்தில் சின்னம்மா வீட்டு அலமாரியில் இருக்கும் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில். இரவு இரண்டரைக்கு இங்கிருந்து போகும்போது அங்கே மணி பத்தோ பதினொன்றோ.

அதைக் கேட்டபோது ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வந்தார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். 1736இல் தொடங்கிக் கால்நூற்றாண்டு காலம் தன் வீட்டில் அவர் ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொண்டார். 1846இல் கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் குடும்பத்தாரிடம் கண்டெடுத்துப் படி எடுக்க வைத்தார். ஏரியல் என்பவர் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இடையில் சில பகுதிகள் கிடைக்காமலே போய்விட்டன. எஞ்சியதை நாம் படிக்க முடிவது அன்றைக்கு யாரோ உட்கார்ந்து படி எடுத்ததால்தான். வீட்டில் எழுதியதன் பிரதி கடல் தாண்டிப் போவது புதுச்சேரிக்குப் பழைய வழக்கம்.

பேக்கப் எடுப்பது பாதி வித்தைதான். எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து பார்க்கிறவரே என் கண்ணுக்கு வித்வான். நண்பர் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இதைச் செய்கிறார். நான் போயிருந்த அன்று என்னையே ஒரு கோப்பைச் சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் விரல் வைத்தேன். பாரிஸ் அலமாரியிலிருந்து அது வந்து சேரச் சில நொடிகள் ஆயின. நொத்தேர் பத்திரம் ஒன்று. அடுக்கடுக்கான பிரெஞ்சு வரிகள், கீழே ஒரு ஓரத்தில் சாய்வாக, தமிழில் தாத்தாவின் கையெழுத்து. நண்பர் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். ‘ற’வின் வால் மட்டும் மை கசிந்து கொஞ்சம் தடித்திருந்தது.