பயத்துக்கு ஓர் எதிராளி

பள்ளி ஆண்டு விழா மேடையில் பூமித்தாய் படுத்திருப்பாள். நெற்றியில் ஈரத்துணி, பக்கத்தில் தெர்மாமீட்டரோடு டாக்டர் வேடமிட்ட சிறுவன், கடைசியில் ஆளுக்கொரு மரக்கன்று. பெற்றோர் கைதட்டுவார்கள். சூழலியல் நாடகம் என்றால் நம்மில் பலருக்கு இதுதான் நினைவுக்கு வரும். இளையோரின் காலநிலைப் பதற்றத்துக்குத் தர இதைவிட மேலானது நாடகத்திடம் உண்டா? ஹைதராபாத்தை வைத்து யோசித்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

2021இல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் காலநிலை மாற்றம் பற்றிக் கேட்டிருந்தார்கள். 59 சதவீதம் பேர் கடுமையான கவலையில் இருந்தனர். தங்கள் அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்படுகிறது என்றவர்கள் 45 சதவீதம். இந்தக் கவலை, அரசுகள் தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணத்தோடு சேர்ந்தே இருந்தது என்பதுதான் முக்கியம். ஆக, இந்தப் பதற்றத்துக்குள் ஒரு வழக்கும் இருக்கிறது. ஆறுதல் சொல்லி அனுப்பும் நாடகம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறது.

ஹைதராபாத் பிள்ளைகளுக்குப் பனிமலை உருகுவதைக் காட்ட வேண்டியதில்லை, சொந்த ஊரின் கதையே போதும். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அதன் விளைவாக உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. 2020 அக்டோபரில் நகரம் மறுபடி மூழ்கியது. 2022இல் அதே நகரம் சர்வதேசப் பசுமை நகர விருது வாங்கியது. 2025 மார்ச் இறுதியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய காஞ்சா கச்சிபௌலியின் மரங்கள் அடர்ந்த சுமார் 400 ஏக்கருக்குள் புல்டோசர்கள் நுழைந்தன, மாணவர்கள் மறித்தார்கள், ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. நாடகத் துறையும் உள்ள பல்கலைக்கழகம் அது. விருதுக்கும் புல்டோசருக்கும் இடையே மூன்று வருடம்கூட இல்லை. அங்கதம் எழுதுகிறவருக்குக் கைச்செலவே கிடையாது.

வடிவமும் அந்த மண்ணிலேயே இருக்கிறது. 1943இல் தோன்றிய இடதுசாரிக் கலைக்குழுவான பிரஜா நாட்டிய மண்டலி, தெலுங்கு நாட்டார் கதைசொல்லலான புர்ரகதையைக் கையில் எடுத்தது. நடுவில் தம்புராவோடு கதகர், இரு பக்கமும் மேளத்தோடு இரண்டு துணையாட்கள். ஒருவர் நகைச்சுவைக்கு. இன்னொருவர் ‘ராஜகீயம்’: கதை எந்த யுகத்தில் நடந்தாலும் குறுக்கே புகுந்து இன்றைய அரசியலைப் பேசுவது அவர் வேலை. நம் கூத்தின் கட்டியங்காரனுக்கு நெருங்கிய உறவு. நிஜாம் அரசு இந்த வடிவத்தைத் தடை செய்ததற்கு அந்த மூன்றாவது ஆள் போதுமான காரணம். காலநிலை நாடகத்துக்கு இன்று தேவைப்படுகிறவரும் அவர்தான். வெப்ப அலையைப் பற்றிக் கதகர் உருகும்போது, “அந்த ஏரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது?” என்று கேட்கும் ஆள்.

அறிவியல் இயக்கங்களின் கலைஜாதா, அதாவது ஊர் ஊராகப் போகும் கலைப் பயணம், வேறு வழியில் வந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980இல் தொடங்கிவைத்ததைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் உள்ளிட்ட அமைப்புகள் நாடெங்கும் கொண்டுசென்றன. தெரியாததைத் தெரிவிப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் இன்றைய பத்தொன்பது வயதுக்காரருக்குத் தகவல் பஞ்சமில்லை, தகவலால்தான் தூக்கம் போகிறது. உலக அளவில், 2015இல் தொடங்கிய கிளைமேட் சேஞ்ச் தியேட்டர் ஆக்‌ஷன் திட்டம் ஐ.நா. மாநாடுகளை ஒட்டிக் குறுநாடகங்களை எழுதச் சொல்லி விநியோகிக்கிறது. நல்ல சேவைதான், என்றாலும் எங்கும் பொருந்தும் நாடகம் எந்தத் தெருவிலும் தங்காது.

எனக்கு நம்பிக்கை தருவது பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலின் மன்ற அரங்கு. பாத்திரம் தோற்கும் இடத்தில் பார்வையாளர் “நிறுத்து” என்று எழுந்து அந்த வேடத்தைத் தானே ஏற்பார். மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி குழு இதைக் கிராமங்களில் செய்துவருகிறது. போவாலே ஐரோப்பாவுக்குப் போனபோது தனிமை, வெறுமை என்று சொல்லி வந்தவர்களைச் சந்தித்து, மண்டைக்குள் இருக்கும் போலீஸ்காரரை மேடையேற்றும் பயிற்சியை உருவாக்கினார். காலநிலைப் பதற்றத்தில் இரண்டு எதிராளிகளும் உண்டு: உள்ளே ஒருவர், நிலப் பத்திரத்தோடு வெளியே ஒருவர். உள்ளே இருப்பவரோடு மட்டும் பேசும் பட்டறைகள் எனக்கு ஒவ்வாது.

வெளியே இருப்பவரையும் எளிதில் அடையாளம் காண முடியாது. 2024இல் மூசியை மீட்கும் திட்டத்துக்காகக் இடிக்க வேண்டிய கரையோர வீடுகளில் சிவப்பு மையால் ‘ஆர்பி-எக்ஸ்’ என்று குறித்தார்கள். ஆறு பிழைக்க வேண்டும் என்கிற கல்லூரி மாணவியும், அந்தக் குறி விழுந்த வீட்டின் பையனும் ஒரே மேடையில் நின்றால் யார் பக்கம் எழுந்து “நிறுத்து” என்பது? இதை நகரத்தின் ரவீந்திர பாரதி அரங்கில் டிக்கெட் போட்டு ஆடினால் பாதி நாடகம்தான் நடக்கும். மூசிக் கரையில் உள்ள சாதர்காட் சந்தில், அந்தக் குறி தெரிகிற சுவருக்கு முன் ஆடினால், பையனின் வேடத்தைக் கேட்டு அவனுடைய பாட்டியே எழுந்து வரக்கூடும்.